ரீலோட் ஆகிவிட்டது என்று நம்பிய 17 நாட்கள்: மொரீஷியஸில் ஒரு காவடிப் பதிவுத் தளத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாள் விரதம் இருந்து, பூசத்தன்று ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டு கோவிலுக்குக் காவடி எடுத்துப் போவார்கள். ஒரு வட்டாரத்தின் சில கோவில்கள் சேர்ந்து, காவடி எடுப்பவர்களின் பெயர்ப் பதிவுக்கும் ஆற்றங்கரையில் எந்தக் குடும்பம் எத்தனை மணிக்கு என்ற நேர ஒதுக்கீட்டுக்கும் ஒரு தளம் வைத்திருக்கின்றன. ஊர்வலத்தின் நேரடி ஒளிபரப்பும் அதில்தான் போகிறது. ரீயூனியனிலும் பிரான்சிலும் இருக்கும் உறவினர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். பிரான்சில் அது குளிர்காலம். நமக்குக் காலை 6 மணி என்றால் அவர்களுக்கு 3 மணி. அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து பார்ப்பவர்கள் உண்டு.

இதைக் கவனித்துக்கொள்வது மூன்று பேர். எபென் என்ற ஊரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் நான். இங்கேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் கிரியோலும் பள்ளியில் தமிழும் படித்த ஒரு தம்பி. கோவில்கள் சார்பில் பேசும் செயலாளர் ஐயா. மூவருக்கும் இது சம்பளமில்லாத வேலை. சர்வர் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் ஓர் அறையில் இருக்கிறது. 4 ஜிபி நினைவகம், 40 நிமிடம் தாங்கும் ஒரு யுபிஎஸ். உபுண்டு இயங்குதளத்தில், வருகிற கோரிக்கைகளை வாங்கிப் பின்னாலுள்ள பதிவுச் செயலிக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடுகிறது. உபுண்டு தரும் நிறுவல் தொகுப்புக்குப் பதில் என்ஜின்எக்ஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து நேரே நிறுவியிருந்தோம். நடந்தவற்றில் இந்தத் தேர்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

தம்பிக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது: “கான்ஃபிக் மாற்றினால் ரீஸ்டார்ட் போடாதே, ரீலோட் போடு.” கான்ஃபிக் என்பது என்ஜின்எக்ஸின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு. ரீஸ்டார்ட் என்றால் ஓடும் சர்வர் முதலில் நிற்கும், பிறகுதான் புதியது எழும். கான்ஃபிக்கில் பிழை இருந்தால் நின்றது நின்றதுதான். ரீலோட் அப்படி இல்லை. தலைமைப் புரோசஸ் புதிய கான்ஃபிக்கைப் படித்துப் பார்க்கும். சரியாக இருந்தால், கோரிக்கைகளைக் கவனிக்கும் துணைப் புரோசஸ்களான வொர்க்கர்களைப் புதிதாகத் தொடங்கிவிட்டு, பழைய வொர்க்கர்களிடம் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு விலகச் சொல்லும். பிழை இருந்தால் புதியதைக் கைவிட்டுப் பழைய கான்ஃபிக்கோடே தொடரும். நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

பூசத்துக்கு 28 நாள் முன்பு: மாற்றம்

பதிவுப் படிவத்தில் அடையாளப் படம் ஏற்ற வேண்டும். இன்றைய கைபேசிப் படம் 3, 4 எம்பி இருக்கும். என்ஜின்எக்ஸில் ஒரு கோரிக்கையின் உடல் அளவுக்கு இயல்பான வரம்பு 1 எம்பி. அதைத் தாண்டினால் 413 பிழை. பலருக்கு இந்தப் பிழை வந்ததால் தம்பி சர்வர் பிளாக்கில் (கான்ஃபிக்கில் ஒரு தளத்துக்கான பகுதி) ‘கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ என்ற வரியைச் சேர்த்து வரம்பை 8 எம்பி ஆக்கினார். அன்றே இன்னொரு வேலையும் செய்தார். நேர ஒதுக்கீட்டுப் பலகை தானாகப் புதுப்பித்துக்கொள்ள வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பு தேவைப்பட்டது. அதற்கு, செயலிக்குக் கோரிக்கையோடு என்னென்ன தகவல் போக வேண்டும் என்று சொல்லும் இரண்டு ‘ப்ராக்ஸி செட் ஹெடர்’ வரிகளை, சர்வர் பிளாக்குக்குள் பதிவுப் பக்கத்துக்கு மட்டுமான லொகேஷன் பிளாக்கில் எழுதினார்.

சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழியாக ரீலோட் கொடுத்தார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தளம் ஓடிக்கொண்டிருந்தது. தன் கைபேசியிலிருந்து ஒரு படத்தை ஏற்றிப் பார்த்தார், ஏறியது. “அண்ணா, முடிச்சுட்டேன்” என்று செய்தி அனுப்பினார். நானும் நல்லது என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

உண்மையில் எதுவும் மாறியிருக்கவில்லை. நாங்கள் ஏற்கெனவே மூன்று தளங்களுக்குப் பொதுவாக வைத்திருந்த ஓர் இணைப்புக் கோப்பில் அதே வரம்பு 1 எம்பி என்று எழுதப்பட்டிருந்தது. அந்தக் கோப்பும் அதே சர்வர் பிளாக்குக்குள்தான் சேர்க்கப்படுகிறது. ஒரே மட்டத்தில் அந்த வரி இருமுறை வந்தால் என்ஜின்எக்ஸ் அதை ஏற்பதில்லை. ‘டூப்ளிகேட்’ என்று சொல்லிக் கான்ஃபிக் முழுவதையும் நிராகரிக்கும். அப்படித்தான் நிராகரித்தது. பழைய வொர்க்கர்கள் பழைய கான்ஃபிக்கோடு தொடர்ந்தன.

நிராகரித்தது தம்பிக்கு ஏன் தெரியவில்லை? இங்கேதான் தொகுப்பின் வேறுபாடு வருகிறது. டெபியன், உபுண்டு தரும் தொகுப்பில் சிஸ்டம்டி ரீலோட் என்றால் அது என்ஜின்எக்ஸ் கட்டளையையே அழைக்கும். அந்தக் கட்டளை கான்ஃபிக்கைத் தானே ஒருமுறை படிப்பதால், பிழை இருந்தால் ரீலோட் தோல்வி என்று திரையிலேயே தெரியும். அதிகாரபூர்வக் களஞ்சியத்தின் தொகுப்போ தலைமைப் புரோசஸுக்கு, கான்ஃபிக்கை மறுபடி படிக்கச் சொல்லும் ‘ஹப்’ சிக்னலை மட்டும் அனுப்புகிறது. சிக்னல் போய்ச் சேர்ந்தால் சிஸ்டம்டிக்கு அது வெற்றி. புதிய கான்ஃபிக் ஏற்கப்பட்டதா என்பது எரர் லாகில் ஒரு வரியாக மட்டும் பதிவாகும்.

தம்பி ஏற்றிப் பார்த்த படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அளவு சுருங்கி 300 கேபிதான் இருந்திருக்கிறது. பழைய வரம்பிலேயே ஏறக்கூடிய படம்.

அடுத்த 17 நாட்கள்: தவறவிட்ட அறிகுறிகள்

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு அதிகச் சங்கடம். தடயங்கள் எல்லாம் கண்முன் இருந்தன.

செயலாளர் ஐயா மூன்று முறை சொன்னார். கிரியோலில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “தம்பி, படம் ஏறலன்னு ரெண்டு வீட்டுல சொல்றாங்க. வயசானவங்க, ஏதோ இங்கிலீஷ்ல வருதாம்.” கைபேசி இணையம் மெதுவாக இருக்கும், வைஃபையில் முயற்சி செய்யச் சொல்லுங்கள் என்று மூன்று முறையும் பதில் சொன்னது நான்தான். வரம்பைத்தான் உயர்த்திவிட்டோமே என்ற நினைப்பு என் கண்ணை மறைத்தது. லாகைத் திறந்திருந்தால், வாடிக்கையாளர் மிகப் பெரிய உடலை அனுப்ப முயன்றார் என்ற வரி பைட் கணக்கோடு வரிசையாக நின்றிருப்பது தெரிந்திருக்கும். பிறகு எண்ணிப் பார்த்தபோது அந்த 17 நாளில் 61 வரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் விரதத்துக்குப் பெயர் கொடுக்க வந்த யாரோ ஒருவர்.

பூசத்துக்கு 20 நாள் முன்பு சர்ட்பாட் என்ற தானியங்கி நிரல் எங்கள் தளத்தின் பாதுகாப்புச் சர்டிஃபிகேட்டைப் புதுப்பித்தது. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தந்த எங்கள் சர்டிஃபிகேட் 90 நாள் செல்லும். 30 நாள் மீதம் இருக்கும்போது சர்ட்பாட் புதியதை வாங்கி வைத்துவிட்டு, நாங்கள் அமைத்திருந்தபடி சிஸ்டம்டி வழியாக ரீலோட் கொடுக்கும். அந்த ரீலோடும் அதே பிழையால் நிராகரிக்கப்பட்டது. சர்வரின் சேமிப்பு வட்டில் புதிய சர்டிஃபிகேட், நினைவகத்தில் பழையது. அடுத்துச் சொல்லப்போகும் புயல் வராமல் இருந்திருந்தாலும், பூசம் முடிந்து பத்தாம் நாள் தளம் காலாவதிச் சர்டிஃபிகேட்டோடு நின்றிருக்கும்.

தினமும் நள்ளிரவு நடக்கும் லாக் சுழற்சியும் இதை வெளிக்காட்டவில்லை. அது அனுப்பும் சிக்னல் லாக் கோப்புகளை மறுபடி திறக்க மட்டுமே, கான்ஃபிக்கைத் தொடாது.

பூசத்துக்கு 11 நாள் முன்பு: புயல்

தைப்பூசம் வருவதும் புயல் பருவத்தில்தான். அன்று மாலை மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை அமலில் இருந்தது. மூன்றாம் நிலை என்றால் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. 6:20க்கு அந்தப் பகுதியில் மின்சாரம் போனது. யுபிஎஸ் 40 நிமிடம் தாங்கியது, பிறகு சர்வர் அணைந்தது. அதிகாலை 3:50க்கு மின்சாரம் வந்ததும் இயந்திரம் தானாக எழுந்தது. என்ஜின்எக்ஸ் எழவில்லை.

அன்றுதான் பதிவின் கடைசி நாள், மறுநாள் கொடியேற்றம். 5:05க்கு ஐயா அழைத்தார். எச்சரிக்கை இன்னும் விலக்கப்படாததால் கட்டடத்துக்குப் போக முடியாது. நல்லவேளையாக ரவுட்டரும் இணையமும் வந்துவிட்டிருந்தன. காத்ர் போர்ன் நகரில் என் வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்தேன். கான்ஃபிக்கை ஓட்டாமலே சரிபார்க்கும் என்ஜின்எக்ஸின் ‘டி’ சோதனையை ஓட்டியதும் கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்த்து ‘டூப்ளிகேட்’ என்று வந்தது. தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன். “அது 17 நாள் முன்னாடி போட்டதாச்சே அண்ணா, அன்னைக்கே ரீலோட் ஆச்சே?” என்றார். இரண்டு பேரும் சிறிது நேரம் பேசவில்லை.

முதல் முடிவும் அதன் தவறும்

முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிழையான ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டுத் தொடங்குவது. இன்னொன்று, அன்று செய்த எல்லா மாற்றத்தையும் விலக்கிப் பழைய கான்ஃபிக்குக்கே போவது. இரண்டாவதுதான் பாதுகாப்பானது என்று அப்போதே தோன்றியது. ஆனால் பழைய கான்ஃபிக் எங்குமே இல்லை. தினசரி பேக்கப்பில் 14 நாள் பிரதிகளைத்தான் வைத்திருந்தோம். பிழை நுழைந்து 17 நாள் ஆகிவிட்டது. 14 பிரதிகளிலும் உடைந்த கோப்பே இருந்தது. நன்றாக ஓடிய கான்ஃபிக் ஓடும் புரோசஸின் நினைவகத்தில் மட்டுமே இருந்தது, மின்சாரத்தோடு அதுவும் போனது.

ஆகவே முதல் வழியைத் தேர்ந்தேன். பொதுக் கோப்பிலிருந்த 1 எம்பி வரியை எடுத்தேன், சோதனை சரி என்றது, 5:20க்குத் தொடங்கினேன். முகப்பு திறந்தது. 5:25க்கு ஐயாவிடம் தளம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் எல்லாக் கோவில் குழுக்களுக்கும் செய்தி அனுப்பினார்.

5:40க்கு அழைப்புகள் வரத் தொடங்கின. முகப்பு வருகிறது, பதிவுப் பக்கத்தில் 400 பிழை.

நான் பார்க்கத் தவறியது இதுதான்: அந்தக் காலையில் நான் தொடங்கியது பழைய கான்ஃபிக் அல்ல. 17 நாளாக வட்டில் கிடந்து, ஒருமுறைகூட ஓடாத ஒரு கான்ஃபிக்கை முதன்முதலாக ஓட்டினேன். அதில் ஒரு பிழை தெரிந்ததால் ஒரே பிழைதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது பிழை தம்பி சேர்த்த வெப்சாக்கெட் வரிகளில் இருந்தது. ‘ப்ராக்ஸி செட் ஹெடர்’ வரிகள் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கும். ஆனால் கீழ்மட்டத்தில் அந்த வகை வரி ஒன்றுகூட இல்லாதபோது மட்டுமே. லொகேஷனுக்குள் ஒன்றை எழுதினாலும் மேலே உள்ள அத்தனையும் அங்கே செல்லாமல் போகும். சர்வர் பிளாக்கில் ஹோஸ்ட் பெயரையும் பயனரின் முகவரியையும் எச்டிடிபிஎஸ் அடையாளத்தையும் கடத்தும் நான்கு வரிகள் இருந்தன. வெப்சாக்கெட்டுக்கான இரண்டு வரிகள் வந்ததும் பதிவுப் பக்கத்துக்கு அந்த நான்கும் இல்லாமல் போயின. பின்னாலிருந்த செயலிக்கு எங்கள் டொமைன் பெயருக்குப் பதிலாக உள்பெயர் போனது. அறியாத ஹோஸ்ட் என்று அது மறுத்துவிட்டது. ‘டி’ செய்யும் எழுத்திலக்கணச் சோதனை இதைக் காட்டாது. இலக்கணப்படி எல்லாம் சரி.

கண்டுபிடிக்க 6:15 ஆயிற்று. நான்கு வரிகளையும் லொகேஷனுக்குள் மறுபடி எழுதி, சோதித்து, 6:22க்கு ரீலோட் கொடுத்தோம். இந்த முறை எரர் லாகைப் பார்த்தோம், வொர்க்கர்களின் தொடக்க நேரம் மாறியதா என்று பார்த்தோம். தம்பி வேண்டுமென்றே 5 எம்பி படம் ஒன்றைக் கைபேசியில் எடுத்து, அவருடைய அத்தை பெயரில் முழுப் பதிவையும் செய்து பார்த்த பிறகுதான் ஐயாவிடம் சொன்னோம்.

இடையில் வந்த ஒன்பது குடும்பங்களின் பெயரை ஐயா தொலைபேசியில் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இல்லையென்றால் அவர்கள் விடுபட்டிருப்பார்கள். படம் ஏறாமல் திரும்பிய பழைய 61 முயற்சிகளில் யார் யார் கடைசிவரை பதியவில்லை என்பதை அடுத்த இரண்டு நாளில் கோவில் கோவிலாகக் கேட்டுச் சரிபார்த்தோம். நான்கு பேர் சேர்க்கப்பட்டார்கள்.

பூசத்துக்கு முன்பு செய்த திருத்தங்கள்

நேரம் குறைவு. அதனால் அவசியமானவற்றை மட்டும் செய்தோம். சிஸ்டம்டியின் ரீலோட் வரியை மேலெழுதி, முதலில் ‘டி’ சோதனை, அது தேறினால் மட்டுமே சிக்னல் என்று மாற்றினோம். தோல்வி இனித் திரையில் சிவப்பாகத் தெரியும், சர்ட்பாட்டுக்கும் தெரியும். கான்ஃபிக் அடைவு முழுவதையும், ஒவ்வொரு மாற்றத்தின் வரலாற்றையும் காக்கும் கிட் மென்பொருளில் வைத்தோம்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, தம்பியின் யோசனை. சர்வருக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய ஒரு முகவரியில் கான்ஃபிக்கின் பதிப்பு எண்ணைத் திருப்பிச் சொல்லும்படி ஒரு சிறிய பிளாக் எழுதினார். மாற்றம் செய்யும்போதெல்லாம் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். ரீலோட் முடிந்து அந்த முகவரியைக் கேட்டால் பழைய எண் வருகிறதா, புதியது வருகிறதா என்று ஓடும் சர்வரே சொல்லிவிடும். கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்ப வேண்டியதில்லை.

தைப்பூச நாள்: மூன்று ரீலோட்கள்

அதிகாலை 4:30க்கே ஆற்றங்கரையில் கூட்டம். ஒளிபரப்பின் வீடியோத் துண்டுகளைத் தயாரிக்கும் சுமையும் எங்கள் சிறிய சர்வர் மேலேயே இருந்ததால் நேரப் பலகை மெதுவானது. வீடியோவை வெளியே வாடகைக்கு எடுத்திருந்த வேறொரு சர்வரிடமிருந்து எடுக்கும்படி மாற்ற வேண்டும். சேவை ஒரு நொடியும் நிற்கக் கூடாது.

தம்பி கட்டளை கொடுத்தார். நான் வேறு இணைப்பிலிருந்து நொடிக்கு ஒரு கோரிக்கை அனுப்பும் சிறு ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டு பார்த்தேன். பதிப்பு எண் மாறியது. ஒரு கோரிக்கைகூடத் தவறவில்லை. ஒளிபரப்பு சிறு சிறு துண்டுகளாகத் தனித்தனிக் கோரிக்கையில் போவதால் பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆனால் புரோசஸ் பட்டியலில் பழைய வொர்க்கர்கள் இரண்டும் ‘ஷட்டிங் டவுன்’ என்ற குறிப்போடு அப்படியே நின்றன. நேரப் பலகையைத் திறந்து வைத்திருந்த கைபேசிகளின் வெப்சாக்கெட் இணைப்புகள் அவற்றின் பிடியில் இருந்தன. கடைசி இணைப்பு விலகும்வரை பழைய வொர்க்கர் போகாது. 6 மணிக்கு இன்னொரு மாற்றத்துக்கு ரீலோட் கொடுத்ததும் விலகாத பழைய வொர்க்கர்கள் நான்கு ஆயின. 4 ஜிபி சர்வரில் இப்படிக் கூடிக்கொண்டே போவது நல்லதல்ல. 1.11.11 பதிப்பிலிருந்து ‘வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட்’ என்ற வரி இதற்கென்றே இருக்கிறது. அந்த இரண்டாவது மாற்றத்தில் 15 நிமிடம் என்று அதையும் சேர்த்திருந்தோம். பழைய நான்கும் 15 நிமிடத்தில் போகும் என்று எதிர்பார்த்தோம், போகவில்லை. யோசித்தபோது புரிந்தது: ஒரு வொர்க்கர் தான் பிறந்த கான்ஃபிக்கைத்தான் அறியும். அந்த வரி வருவதற்கு முன்பு பிறந்தவற்றுக்கு அப்படி ஒரு கெடு இருப்பதே தெரியாது.

அவற்றைக் கையால் கொல்லலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். நினைவகத்தில் இன்னும் இடம் இருந்தது. கொன்றால் அந்தப் பலகைகள் எல்லாம் ஒரே நொடியில் மறு இணைப்புக்கு ஓடிவரும், அதுவும் முதல் குடும்பங்கள் அலகு குத்திக்கொண்டிருக்கும் நேரத்தில். காத்திருந்தோம். காவடிகள் கோவில் வாசலுக்கு வந்து ‘அரோகரா’ கேட்கத் தொடங்கிய பிறகு மக்கள் பலகையை மூடினார்கள். பழைய வொர்க்கர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மதியம் மூன்றாவது ரீலோடில், கெடு தெரிந்த வொர்க்கர்கள் சரியாக 15 நிமிடத்தில் விலகின.

பின்னர் மாற்றியவை

பேக்கப் முறையை மாற்றினோம். தினசரிப் பிரதி இருக்கட்டும். அதைத் தவிர, ஒரு மாற்றம் பதிப்பு எண் சோதனையிலும் உண்மையான ஒரு பதிவிலும் தேறிய பிறகு மட்டும் ‘ஓடியது’ என்ற குறியோடு தனிப் பிரதி எடுக்கிறோம். அதற்கு நாள் கெடு இல்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் தினமும் ஒருமுறை ‘டி’ சோதனை ஓடுகிறது; தேறாவிட்டால் மூவருக்கும் மின்னஞ்சல் வரும். பயனர் முறையிட்டால் அவரிடம் பதில் சொல்வதற்கு முன்பு அந்த நேரத்து லாகைப் பார்ப்பது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். 413 பிழைக்குத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு பக்கம் எழுதினோம், என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கத்தோடு.

ரீலோடில் தேறும் கான்ஃபிக் மின்சாரம் போய் வந்த பிறகும் தேறுமா என்பது தனிக் கேள்வி. அதனால் பங்குனிக் கடைசியில், தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தைய ஞாயிறு இரவு, யாரும் தளத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் சர்வரை யுபிஎஸிலிருந்து கழற்றி நேரே மின்சாரத்தில் இணைத்து, கட்டடத்தின் மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டோம். தம்பி அறைக்குள், நான் வெளியே கைபேசியோடு.

என்ஜின்எக்ஸ் மறுபடியும் எழவில்லை.

இந்த முறை டூப்ளிகேட் இல்லை. பூசத்தன்று சேர்த்த வீடியோ சர்வரின் ஹோஸ்ட் பெயரை, கோரிக்கை எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அப்ஸ்ட்ரீம் பகுதியில் எழுதியிருந்தோம். அந்தப் பெயரின் முகவரியை என்ஜின்எக்ஸ் தொடங்கும்போதே தேடுகிறது. ரவுட்டர் எழுந்து இணையம் வர மூன்று நிமிடம் ஆகிறது. சர்வர் ஒரு நிமிடத்திலேயே எழுந்துவிடுகிறது. பெயர் கிடைக்கவில்லை, தொடங்க மறுத்துவிட்டது. புயலன்று அந்த வரி இல்லை, அதனால் இது அப்போது வெளிப்படவில்லை.

பெயரை ஒரு மாறிக்குள் வைத்து, பெயருக்கு முகவரி தேடித் தரும் ரிசால்வரையும் குறிப்பிட்டு, கோரிக்கை வரும்போது மட்டும் முகவரியைத் தேடும்படி மாற்றினோம். தொடங்கத் தவறினால் 10 நொடிக்கு ஒருமுறை மறுபடி முயலும்படி சிஸ்டம்டியிலும் எழுதினோம். அன்றிரவே இன்னும் இரண்டு முறை சுவிட்சை அணைத்துப் போட்டோம். இரண்டு முறையும் ஒரு நிமிடத்தில் எழுந்தது. பதிப்பு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, 10:40க்கு அறையைப் பூட்டினோம்.